மார்கழிக் குளிர்ல கயாக் மீன்பிடி: குரூப்ல எப்படி சேர்றது

மொதல்ல கயாக் (துடுப்பு போட்டுப் போற சின்னப் படகு) வாங்கிடாதீங்க. தூண்டில் சாமான் விக்கிற கடையில விசாரிங்க, எண்ணூர் கழிமுகம் பக்கம் யாரு போறாங்கன்னு தெரிஞ்சா விடியக்காலைல கரைக்குப் போயி அவங்க கயாக் இறக்கறப்ப ஒரு கை புடிங்க, பேச்சு தானா ஆரம்பிக்கும். லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏத்திக்கிற குரூப்னா வேணவே வேணாம். வாடைக்காத்துல நனைஞ்ச காட்டன் டீ-ஷர்ட் உடம்போட ஒட்டி நடுக்கும், அதனால சீக்கிரம் காயற துணி, மேல ஒரு விண்ட்சீட்டர், மாத்துத்துணி தண்ணி புகாத டிரை பேக்ல. தண்ணி சில்லுனு இருந்தா கொடுவா மீன் மந்தமா இருக்கும், லூர (தூண்டில்ல மாட்டுற பொய் இரைய) மெதுவா இழுங்க. அப்புறம் இது முக்கியம், பறிய (பிடிச்சத போடுற கூடைய) வாயில கவ்விக்கிட்டு கையால இறால் தடவுறவங்க தண்ணில இருப்பாங்க, அது அவங்க பொழப்பு, நல்லா தள்ளியே துடுப்பு போடுங்க. முகத்துவாரம் தாண்டி கடலுக்குப் போலாம்னு கூப்டா இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடுங்க.