குடும்பத்தோடு ஓட ஒரு பழைய எம்.ஜி.பி. ஜி.டி.: திருகோணமலையில் வைத்துத் திருத்துவது எப்படி

எம்.ஜி.பி. ஜி.டி. 1965 இல் வந்த இங்கிலாந்துக் கார். கூரை போட்டது, பின்கதவு மேலே தூக்கித் திறப்பது, முன் சீற் இரண்டுக்கும் பின்னால் பிள்ளைகள் குந்துமளவுக்கு ஒரு குட்டி சீற். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பிள்ளைகுட்டியோடு ஓடக்கூடியவை மிகக் குறைவு. அதில் இது ஒன்று. 1798 சிசி எஞ்சின் முரட்டுச் சாமான். உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகவே செய்யப்படுகின்றன.

வாங்கினவுடன் கை பொனெற்றைத்தான் தூக்கும். அதை மூடிவையுங்கள். குடும்பம் ஏறப்போகும் காருக்கு வரிசை வேறு: உடம்புத் தகடு, பிரேக், முன் சில்லுகளைத் தாங்கும் பாகங்கள், சூடு, வயரிங். எஞ்சினின் பலம் கடைசி. பெயின்ற் அதற்கும் பிறகு.

தொடங்க முன்னர் அங்குல ஸ்பனர் செற் ஒன்று எடுங்கள். இந்தக் காரில் பெரும்பாலும் 7/16, 1/2, 9/16 அங்குல நட்டுகள். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. ஜப்பான் காருக்குப் பாவிக்கும் 13 மி.மீ. ஸ்பனர் அதில் ஏறும், ஆனால் கொஞ்சம் ஆடும்; கறள் பிடித்த நட்டில் இறுக்கித் திருப்பினால் மூலைகள் உருண்டு போகும். பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

முதலில் கறள்

இந்தக் காருக்குத் தனியாக ஷஸி கிடையாது. கதவுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லுவரை ஓடும் பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. வாடைக்காற்றுக் காலத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிற்கும் கார் மழைநீரையும் உப்பையும் சேர்த்தே வாங்கும். தண்ணீர் வடியும் துளைகள் மணலால் அடைபட்டால் அந்தப் பெட்டி உள்ளிருந்தே உக்கும். வெளியே பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்கும்.

சிறிய காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பெட்டித் தகட்டின் கீழ்ப்பாதி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடல்ல, புட்டி. அடுத்து, கதவின் பின் விளிம்புக்கும் பின் மட்காட்டுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கவேண்டும். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கும்போது அந்த இடைவெளி மாறினால், அல்லது கதவு இறுகிக்கொண்டால், உடம்பு நடுவில் மடிகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட காரில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது.

ரிங்கரிங்காரர் பலர் உக்கின தகட்டின் மேலேயே புதுத் தகடு போர்த்தி ஒட்டிவிடுவார்கள். மலிவு, வேகம், பார்வைக்கு அழகு. உள்ளே கறள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சரியான முறையில் வெளித்தகட்டை முழுதாக வெட்டி எடுக்கவேண்டும். அதன் பின்னால் நடுத்தகடு, உள்தகடு, அடியில் நெளிந்த தாங்குதகடு என்று அடுக்குகள் இருக்கின்றன. உக்கினதெல்லாம் போகவேண்டும். புதிது 1.2 மி.மீ. கனத் தகடாக இருக்கட்டும். தகட்டின் ஓரத்தில் 30 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. துளைகள் போட்டு, மிக் வெல்டிங்கால் அந்தத் துளைகளை நிரப்பிப் பிடிக்கவேண்டும். நீளத்துக்கு ஒரே இழுப்பாக வெல்ட் பண்ணினால் சூட்டில் தகடு வளையும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: காரை நடுவில் ஜக் வைத்துத் தூக்கிக்கொண்டு பெட்டித் தகட்டை வெட்டுவார்கள். உடம்பு அப்படியே வளையும். வளைந்த நிலையில் வெல்ட் பண்ணினால் கதவு பிறகு ஒருநாளும் சரியாக மூடாது. முண்டுகொடுக்கும் ஸ்ராண்டுகளை முன் சஸ்பென்ஷன் குறுக்குச் சட்டத்துக்கும் பின் அக்சிலுக்கும் கீழே வையுங்கள். பின்பக்கப் பாரம் ஸ்பிறிங்கில் இருக்கவேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்துங்கள். ஒரு பக்கம் முடித்து, கதவைப் போட்டு மூடிப் பார்த்த பிறகே மறுபக்கம். வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரையும் அல்ரனேற்றர் (பற்றரியைச் சார்ஜ் பண்ணும் மின்னாக்கி) வயரையும் கழற்றவேண்டும். பின்பக்க வேலையென்றால் பெற்றோல் தாங்கியை இறக்கியே ஆகவேண்டும். இறக்கின கையோடு அதன் மேற்பக்கத்தையும் பாருங்கள். தாங்கிக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவில் ஈரமண் தங்கி, அது மேலிருந்துதான் ஓட்டையாகும்.

எல்லாம் ஆறின பிறகு உள்ளுக்குள் மெழுகு வகைக் கறள் தடுப்பானை நீளக்குழாயால் அடியுங்கள். பழைய எஞ்சின் ஒயிலைக் காருக்கு அடியில் விசிறும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர் புஷ்களை அது ஊதவைக்கும்.

பிரேக்

முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். ஆரம்பகாலக் கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே பிரேக் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். குடும்பக் காருக்குச் செய்யும் மேம்படுத்தலில் காசு பெறுமதியானது இதுதான்: முன், பின் சுற்றுகள் பிரிந்த இரட்டை மாஸ்ரர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் பாகம்). பிற்காலத்து எம்.ஜி.பி.யில் வந்த செற்றையே போடலாம், ஆனால் பெடல் பெட்டியும் அதனோடு சேர்ந்து வரவேண்டும். சிலிண்டரை மட்டும் வாங்கினால் பொருந்தாமல் மேசையில்தான் கிடக்கும்.

இரும்புக் குழாய்களை முழுக்க எடுத்துவிட்டு, செப்பு–நிக்கல் கலவைக் குழாய் (3/16 அங்குலம்) போடுங்கள். கடற்காற்றுக்கு அது கறள் பிடிக்காது. வெறும் செப்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் வெடிக்கும். ரப்பர் ஹோஸ் மூன்று: முன்னுக்கு இரண்டு, பின் அக்சிலுக்கு ஒன்று. பார்க்க நல்லதாக இருந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்ளுக்குள் வீங்கும். மிதிக்கும் அழுத்தத்தில் ஒயில் போய்விடும், விட்டபிறகு திரும்பாது. பிரேக் பிடித்தபடியே நிற்கும். சில்லைத் தொட்டால் கை சுடுகிறதா? கலிப்பரை (டிஸ்க்கை நெரித்துப் பிடிக்கும் பாகம்) கழற்ற முன்னர் ஹோஸைச் சந்தேகியுங்கள்.

பின் பிரேக்கை இறுக்க, பிரேக்கைத் தாங்கும் தட்டின் பின்னால் சதுரத் தலை அட்ஜஸ்ரர் இருக்கும். சில்லு பூட்டும்வரை திருப்பி, பிறகு சுதந்திரமாகச் சுழலும்வரை தளர்த்துங்கள். பிரேக் ஒயில் டொட் 4. அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நமது ஊரின் ஈரப்பதனுக்கு வருடத்துக்கொருமுறை முழுதாக மாற்றுவதே நல்லது. குழாய்களுக்குள் நிற்கும் காற்றை எடுக்கத் தொடங்குவது மாஸ்ரர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சில்லிலிருந்து.

முன் சில்லு

முன் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் பெயரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சில்லு இடம் வலம் திரும்பும் அச்சு). கிங்பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று கிறீஸ் நிப்பிள். 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, பழைய கிறீஸ் வெளியே தள்ளுப்படும்வரை அடிக்கவேண்டும். சில்லு தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் ஏறாது. தூக்கிவிட்டு அடியுங்கள்.

கம்பிச் சில்லு அழகுதான். ஆனால் கம்பிகளை உப்பு தின்னும், ஹப்பின் பற்கள் தேயும். பிரேக்கை மிதித்தபடி சில்லை முன்னும் பின்னும் திருப்பினால் 'டக்' என்று சத்தம் கேட்டால் பல் தேய்ந்திருக்கிறது. சில்லையும் ஹப்பையும் சோடியாகவே மாற்றவேண்டும். குடும்பக் காருக்கு சாதாரண இரும்புச் சில்லும் 165 அளவு 14 அங்குல ரயரும் போதும். அகலமான ரயர் ஸ்ரியறிங்கைப் பாரமாக்கும். பவர் ஸ்ரியறிங் இல்லாத காரென்பதை மறக்கவேண்டாம்.

சூடு

கச்சான் அடிக்கும் மாதங்களில், மத்தியானம் டொக்யார்ட் வீதியில் வாகனங்களுக்குப் பின்னால் ஊரும்போதுதான் இந்த எஞ்சின் தன் குணத்தைக் காட்டும். ஓடும்போது ஊசி கீழே, நின்றால் மேலே என்றால் காற்றோட்டம் போதாது. ஓடும்போதே ஏறினால் தண்ணீர்ப் பாதை அடைபட்டிருக்கிறது.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்பு படியும், எஞ்சின் பிளொக்கின் பின்முனையில், நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சேறு சேரும். பிளொக்கின் வடிகுழாயைத் திறந்து தண்ணீர் வரவில்லையென்றால் குழாயைக் கழற்றிக் கம்பியால் கிளறுங்கள். மண்ணிறச் சேறு கட்டிகட்டியாக வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸால் அடித்துக் கழுவி, வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். மொத்தம் ஐந்தரை லீற்றரளவு பிடிக்கும். றேடியேற்றருக்குப் புதுக் கோர் போடுவதென்றால் ஒரு வரிசை கூடுதலாகக் கேளுங்கள்.

தெர்மோஸ்ராற்றை (சூட்டுக்கேற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் வால்வு) கழற்றி எறியச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். வெயிலூருக்கு 74 பாகை, சாதாரணத்துக்கு 82 பாகை என்று இரண்டு உண்டு. நமக்கு 74. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது, சிலிண்டர் தேயும். நெரிசலில் ஏறும் சூடு மட்டும் அப்படியே இருக்கும்.

மின்விசிறி போடுவதென்றால் 12 அங்குலம் போதும். 30 அம்பியர் றிலேயும் (பெரிய கரன்டைத் தானே தாங்கும் மின்சுவிச்) தனிப் பியூஸும் கட்டாயம். பழைய டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர்தான் தரும். விசிறி, லைற், வைப்பர் மூன்றும் ஒன்றாக ஓடினால் பற்றரி இறங்கும். ஆகவே விசிறிக்கு முன்னர் அல்ரனேற்றர்.

உள்ளே கால்மாட்டில் நெருப்பாகச் சுடுகிறதா? முதலில் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையிலுள்ள, ஹீற்றருக்குச் சுடுதண்ணீர் விடும் வால்வைப் பாருங்கள். திறந்தபடி இறுகியிருந்தால் சித்திரை வெயிலிலும் ஹீற்றர் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு கியர்பொக்ஸ் மூடியிலுள்ள துளைகளுக்கு ரப்பர் மூடி, தரைக்கு வெப்பத் தடுப்பு விரிப்பு. ஏ.சி. எல்லாவற்றுக்கும் பிறகு, றேடியேற்றருக்கு முன்னால் இன்னொரு வலை வைப்பதால் மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால்தான் தாங்கும்.

வயரிங்

1967 வரையான கார்களில் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் அல்ரனேற்றரை இணைத்தால் அதற்குள் இருக்கும் டயோட்டுகள் அந்தக் கணமே எரியும். பற்றரி முனைகளையும் இக்னிஷன் கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம்மாற்றுங்கள்; ஆர்.பி.எம். மீற்றரையும் மாற்றிக் கட்டவேண்டும். பின் சீற்றுக்கடியில் இரண்டு 6 வோல்ட் பற்றரி இருந்தால் ஒரு 12 வோல்ட் பற்றரியாக்கி, மேல்மூடியை இறுகத் திருகுங்கள். அதற்கு மேல்தான் பிள்ளைகள் இருக்கப்போகிறார்கள்.

இந்தக் காரின் மின்சாமான்கள் லூக்கஸ் கம்பனியுடையவை. லூக்கஸ் வயர்களுக்கு நிறம்தான் மொழி: மண்ணிறம் எப்போதும் கரன்ட் உள்ளது, வெள்ளை இக்னிஷன் போட்டால், பச்சை அதே கரன்ட் பியூஸ் தாண்டியது, கறுப்பு எர்த். உருளை இணைப்பிகள் உப்புக்காற்றில் பச்சை பூக்கும். ஒவ்வொன்றாக இழுத்து, சுரண்டி, வஸ்லின் பூசி மாட்டினாலே பாதி வியாதி தீரும். ஹெட்லைற்றுக்கு றிலே போட்டு 60/55 வாட் எச்4 பல்ப் மாட்டுங்கள். பழைய சுவிச் அந்தப் பாரத்தை நேரடியாகத் தாங்காது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் அந்திக்குப் பிறகு யானை குறுக்கிடும் பாதை அது. வெளிச்சத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பின் சீற்

பின்னுக்கு இருக்கைப் பட்டி போடப் பொல்ட் 7/16 அங்குல யூ.என்.எவ். (நெருக்கமான அங்குலப் புரி). அதைத் தகட்டில் நேரே இறுக்கக்கூடாது. பின்னால் 3 மி.மீ. கனமும் குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட இரும்புத் தட்டு வைத்து வெல்ட் பண்ணவேண்டும். பிள்ளையை இருத்திப் பாருங்கள்: தலை பின்கண்ணாடியில் முட்டினால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கார் சரிவராது. பின்கதவு ரப்பரையும் பாருங்கள். கதவிடுக்கில் கடதாசித் துண்டு வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வரவேண்டும். தளர்ந்து வந்தால் சைலன்சர் புகை உள்ளே வரும்; பின்னால் இருப்பவருக்குத் தலையிடியும் சத்தியும் வருவது இதனால்தான்.

எஞ்சின், கடைசியாக

எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. ஹெட்டைக் கழற்றும் நாளில் எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகள் போட்டுவிடுங்கள். அதுவரை வால்வு இடைவெளியை (குளிரில் 0.38 மி.மீ.) அடிக்கடி பாருங்கள், அடிக்கடி குறைந்தால் இருக்கை தேய்கிறது. பெற்றோல் 95 ஒக்ரேன். எஸ்.யூ. காபரேற்றர் இரண்டுக்கும் ஜெற்றை (பெற்றோல் வரும் சிறு குழல்) மேலே மட்டமாக ஏற்றி, இரண்டு சுற்று, அதாவது நட்டின் 12 பக்கம், இறக்கி அங்கிருந்து ரியூன் பண்ணத் தொடங்குங்கள். வேறு எஞ்சின் ஏற்றும் ஆசை வந்தால், எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் மாறவேண்டும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓடிப் பார்ப்பது தனியே, பிள்ளைகள் இல்லாமல். முதலில் நிலாவெளிவரை. அடுத்த நாள் கந்தளாய், போய்வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர். வந்து நிறுத்தினவுடன் நான்கு சில்லையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள், சில்லு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், இரவில் காருக்கடியில் பழைய கடதாசி விரியுங்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருமிடத்தில் கறுப்பாக இரண்டு சொட்டு இந்த எஞ்சினுக்குச் சகஜம். பின் சில்லின் உட்புறத்தில் ஒயில் கெட்டியாக, கடும் மணத்தோடு இருந்தால் அக்சில் சீல் கசிந்து பிரேக்குக்குள் ஒயில் போகிறது. எந்தச் சில்லின் உட்புறமாயினும் மெல்லிய, நிறமற்ற ஈரம் கண்டால் அது பிரேக் ஒயில். காலையில் காரை எடுக்கவேண்டாம்.