காரா வாக்கரின் கலையைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரா வாக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் வேலையை முடித்துவிடுகிறார்கள். கறுப்புக் காகிதத்தை வெட்டிச் சுவரில் ஒட்டுகிறவர். இனவெறிக்கு எதிராகக் குரல் கொடுக்கிறவர். முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரி சுவரொட்டிக்குச் சரி, அவருடைய படைப்புகளுக்குப் போதாது. 1969இல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் பிறந்த இந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் காரியம் வேறு: பார்க்க வருகிறவர் யாரையும் 'நான் நல்லவர்கள் பக்கம்' என்று நிம்மதியாக நிற்க விடுவதில்லை.

தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு 'அழகு' என்று நகர்வதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. 1994இல் நியூயார்க்கின் டிராயிங் சென்டர் என்ற கலைக்கூடத்தில் அவர் வைத்த சுவர்ப்படம் ஏறத்தாழ 50 அடி நீளம். அப்போது அவருக்கு வயது 24. பாசி தொங்கும் மரம், நிலா, முத்தமிடக் குனியும் கனவானும் சீமாட்டியும் என்று அமெரிக்கத் தென்மாநிலக் காதல் கதைகளின் சாயலில் படம் தொடங்குகிறது. கிட்டே போனால் சீமாட்டியின் பாவாடைக்குக் கீழே இன்னொரு ஜோடிக் கால்கள். கனவானின் வாள் நுனி பின்னால் நிற்கும் ஒரு குழந்தையை நோக்கி நீள்கிறது. குழந்தையின் கையில் கழுத்து நெரிபடும் பறவை. அடிமை முறையின் வன்முறையும் காமமும் அந்த நேர்த்தியான விளிம்புகளுக்குள்ளேயே இருக்கின்றன. நேர்த்தி இல்லாவிட்டால் நாம் அவ்வளவு அருகில் போயிருக்கவே மாட்டோம்.

நம்மவர்களுக்கு உடனே தோல்பாவைக் கூத்து நினைவுக்கு வரும். 2004இலிருந்து வாக்கர் நிழற்பாவைகளை வைத்துக் குறும்படங்களும் எடுத்திருப்பதால் அந்த நினைவு முற்றிலும் தப்பில்லை. ஆனால் நம் பாவை ஒளியைத் தன்னுள்ளே விட்டு நிறம் காட்டும். எந்தப் பாத்திரம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வாக்கரின் உருவங்கள் ஒளியை விழுங்கிவிடுகின்றன. கறுப்புத் தாளின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் வரைந்து, கத்தியால் வெட்டி, திருப்பிப் போட்டு மெழுகு தடவிச் சுவரில் ஒட்டுகிறார். எஜமானனும் அடிமையும் ஒரே கறுப்பு. யார் எவர் என்று படம் சொல்வதில்லை. உதட்டின் வளைவு, மூக்கு, முடி, உடை ஆகியவற்றைப் பார்த்து நாமே முடிவு கட்டுகிறோம். இனத்தை அடையாளம் காண நம் கண் கற்றுவைத்திருக்கும் மோசமான பாடத்தை நாமே ஒப்பித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

வெளிக்கோடு மட்டும் தெரியும் இந்தக் கறுப்பு நிழலுருவை அவருடைய கண்டுபிடிப்பு என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். புகைப்படம் வருவதற்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வீடுகளில் மலிவாகக் கிடைத்த உருவப்படம் அது. முகத்தின் வெளிக்கோட்டை வைத்துக் குணத்தைக் கணிக்கலாம் என்று நம்பிய லாவாட்டர் போன்றவர்களுக்கும் அது கருவியாக இருந்தது. பிலடெல்பியாவில் பீல் குடும்பத்தின் அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான முகங்களை வெட்டிக்கொடுத்த மோசஸ் வில்லியம்ஸ் அடிமையாகப் பிறந்த கறுப்பர். வாக்கர் கையில் எடுத்தது இத்தனை வரலாறு ஒட்டியிருந்த ஒரு கருவியை.

அடுத்தது, கறுப்பினக் கலைஞர்கள் எல்லோரும் அவர் பின்னால் ஒரே அணியாக நின்றார்கள் என்று எண்ணிக்கொள்வது. 1997இல், 27 வயதில், வாக்கருக்கு அமெரிக்காவின் பெருமைக்குரிய மெக்கார்தர் உதவித்தொகை கிடைத்தது. அதே ஆண்டு மூத்த கறுப்பினக் கலைஞர் பெட்டி சார் (Betye Saar), வாக்கரின் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பதை எதிர்த்து இருநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை அனுப்பினார். வெள்ளைக்கார ரசிகர்களும் சேகரிப்பாளர்களும் மகிழும்படி பழைய கேலிச்சித்திரங்களை மறுபடி புழக்கத்தில் விடுகிறார் என்பது குற்றச்சாட்டு. 1998இல் ஹார்வர்டில் இதைப் பற்றிக் கருத்தரங்கே நடந்தது. டெட்ராய்ட் அருங்காட்சியகம் 1999இல் எதிர்ப்புக்குப் பின் அவருடைய ஒரு படைப்பைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது.

இந்தச் சண்டையைப் பழையவர் புதியவர் தகராறு என்று சுருக்குவது சோம்பேறித்தனம். சாரும் இதே கேலி உருவங்களைக் கையாண்டவர்தான். 1972இல் அவர் செய்த புகழ்பெற்ற படைப்பில், மாவுப் பொட்டலத்தின் மேல் சிரித்துக்கொண்டிருந்த கறுப்பினச் சமையல்காரி உருவத்தின் கையில் துப்பாக்கி இருக்கும். சார் அந்த உருவத்தை விடுவித்தார். வாக்கர் விடுவிக்க மறுத்தார். அவமானத்திலிருந்து பிறந்த ஓர் உருவத்தைக் கலை மீட்டெடுக்க முடியுமா என்ற கேள்வியில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். என் மனம் வாக்கர் பக்கம் சாய்கிறது. ஆனால் சாரின் கவலையைப் பொறாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் படங்கள் யாருடைய வரவேற்பறையில் தொங்குகின்றன என்பது நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு 2014இல் புரூக்ளினில் விசித்திரமான ஒரு விடை கிடைத்தது. இடிக்கப்படவிருந்த டாமினோ சர்க்கரை ஆலைக்குள், 'கிரியேட்டிவ் டைம்' அமைப்பின் ஏற்பாட்டில், வாக்கர் வெள்ளைச் சர்க்கரை பூசிய ஒரு பெண் ஸ்பிங்க்ஸை (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்தியச் சிலை வடிவம்) படுக்க வைத்தார். 35 அடி உயரம், 75 அடி நீளம், தலையில் பணிப்பெண்ணின் முண்டாசு. சுற்றிலும் கூடை சுமக்கும் சிறுவர்கள். சர்க்கரைப் பாகில் வார்த்த சில சிறுவர்கள் கோடை வெப்பத்தில் உருகி உடைந்தார்கள். உடைந்த துண்டுகளை மற்றச் சிறுவர்களின் கூடைகளில் போட்டார்கள். கரும்புக் காட்டில் சாய்கிறவனின் இடத்துக்கு அடுத்தவன் வந்த வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

இந்தப் படைப்பைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுதுவது பெரிய தவறு. படத்தில் தெரிவது ஒரு வெள்ளைச் சிலை. ஆலைச் சுவர்களில் படிந்திருந்த கரிய பாகும் அதன் வாடையும் படத்தில் வராது. இன்னொன்றும் வராது: கூட்டம். சுமார் 1,30,000 பேர் வந்தார்கள். அவர்களில் பலர் சிலையின் நிர்வாணப் பின்புறத்துக்கும் மார்புக்கும் கீழே நின்று ஆபாசமாகக் கைகாட்டிப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். கறுப்பினப் பார்வையாளர்கள் கொதித்தார்கள். 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று கூட்டமாகத் திரண்டு வந்தார்கள். கலைஞர் ஏமாந்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். பார்வையாளர்களையே அவர் வீடியோவில் பதிவு செய்யவைத்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. அந்த ஆண்டே அந்த வீடியோவைத் தனிப் படைப்பாகக் காட்சிக்கு வைத்தார்.

படைப்பு நிற்கும் இடத்தை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்பதற்கு லண்டன் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 2019இல் டேட் மாடர்னின் டர்பைன் கூடத்தில் 13 மீட்டர் உயர நீரூற்று ஒன்றை அமைத்தார். பக்கிங்ஹாம் அரண்மனை முன்னுள்ள விக்டோரியா நினைவுச்சின்னத்தின் சாயல், தொட்டியில் சுறாக்கள், உச்சியில் நிற்கும் பெண்ணின் மார்பிலிருந்தும் அறுபட்ட கழுத்திலிருந்தும் தண்ணீர் பீய்ச்சும். அந்த அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்த ஹென்றி டேட் சர்க்கரை வணிகர். அவர் அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர், அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் பிரிட்டிஷ் சட்டம் அதை ஒழித்துவிட்டது. ஆனால் அந்தத் தொழில் எதன் மேல் எழுந்தது என்பது தெரிந்ததே. புரூக்ளினில் தொடங்கிய சர்க்கரைக் கணக்கு லண்டனில் தொடர்ந்தது. கல் போலத் தெரிந்த அந்த ஊற்று உண்மையில் தக்கை, மரம், உலோகம், மேலே சிமென்ட் கலந்த ஒரு பூச்சு. காட்சி முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். நினைவுச்சின்னம் என்றால் நிலைத்து நிற்பது என்று எழுதிவைத்தவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

சர்க்கரை என்றதும் மொரிஷியஸ், நேட்டால், பிஜி என்று நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தோட்டங்கள் நம் மனதில் எழும். அந்தத் தொடர்பு உண்மையானது: மொரிஷியஸ் போல அடிமை முறை ஒழிந்த பிரிட்டிஷ் காலனிகளில் அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தியக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்காக ஸ்பிங்க்ஸின் முண்டாசை நம் கதையாக மொழிபெயர்த்துவிடக் கூடாது. அது அமெரிக்க வெள்ளையர் வீடுகளில் பிள்ளை வளர்த்த கறுப்பினப் பெண்ணின் கேலியுருவம். அந்தக் குறிப்பு போய்விட்டால் படைப்பில் பாதி போய்விடும்.

காகிதம், பிறகு சர்க்கரை, பிறகு சிமென்ட் என்று ஏணிப்படி போல அவருடைய வாழ்க்கையை அடுக்குவதும் வழக்கமாகிவிட்டது. பொருள் மாறியிருக்கிறதே தவிர, கத்தி கையிலேயே இருக்கிறது. சார்லட்ஸ்வில் நகரம் 2021இல் இறக்கிய, அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் வெண்கலக் குதிரைச் சிலை அவர் கைக்கு வந்தபோது, அதைத் துண்டு துண்டாக வெட்டி, குதிரையும் மனிதனும் இடம் மாறிப் பிணைந்த ஒரு பூதமாக ஒட்டினார். 2025இல் லாஸ் ஏஞ்சலஸில் அது காட்சிக்கு வந்தது. அவர் பதின்மூன்றாம் வயதில் குடிபெயர்ந்த ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில், மலைப்பாறையில் செதுக்கியிருக்கும் மூவரில் அதே ஜாக்சனும் ஒருவர். 1915இல் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபடி பிறந்ததும் அந்த மலையில்தான். இதை வைத்துக்கொண்டு எல்லாமே சிறுவயதுக் காயம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அப்பா லாரி வாக்கர் ஓவியர், பேராசிரியர். படம் வரைவது அந்த வீட்டில் அன்றாடம்.

முன்மாதிரி என்று அவரை மேடையேற்றுவது இன்னொன்று. 2017இல் ஒரு கண்காட்சிக்கு எழுதிய குறிப்பில், எழுந்து நின்று குரலாக இருப்பதும் முன்மாதிரியாக இருப்பதும் அலுத்துவிட்டது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகும் கட்டுரைகளில் அந்தப் பட்டம் ஓயவில்லை. ஏலத்தொகைகளைப் பற்றி எழுதவே வேண்டாம். அவை வாங்குகிறவர்களின் வரலாறு.

கடைசியாக, பிரம்மாண்டங்களை மட்டும் பார்த்துவிட்டு அவருடைய சிறிய தாள்களைத் தவறவிடாதீர்கள். 2021இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கலை அருங்காட்சியகத்தில், அதுவரை தன்னிடமே வைத்திருந்த அறுநூறுக்கும் மேற்பட்ட தாள்களை வெளியே எடுத்தார். கரி, மை, நீர்வண்ணம், தட்டச்சுக் குறிப்புகள். நிழலுருவின் விளிம்பு அவரைக் காப்பாற்றாத இடம் அது: கோடு நடுங்குகிறது, கோபம் தடுமாறுகிறது, சில பக்கங்கள் வெறும் வசவு. வாக்கரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு நான் ஸ்பிங்க்ஸுக்கு முன்னால் அந்தத் தாள்களைத்தான் காட்டுவேன்.