வன்னி வளவில் வறட்சி தாங்கும் பூச்செடிகள்: கோடைக்கு முன் மாரியைத் தாண்ட வேண்டும்

எங்கள் வளவு கிளிநொச்சியில் வயலை ஒட்டி இருக்கிறது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் முற்றத்து மண் மண்வெட்டி இறங்காத அளவுக்கு இறுகிவிடும். அதனால் வெயில் தாங்கும் செடிகளாகப் பார்த்து போகன்வில்லா, அலரி, தேமா, கற்றாழை, பட்டிப்பூ என்று வைத்தேன். முதல் முறை வைத்தவற்றில் பாதிக்கு மேல் செத்துப்போயின. ஆடி வெயிலில் அல்ல, கார்த்திகை மழையில், வேர் அழுகி.

வன்னிக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. மாதக்கணக்கில் காயவும் வேண்டும், சில வாரம் ஊறி நிற்கவும் வேண்டும். வெயில் தாங்கும் செடிகள் பலவற்றுக்கு இரண்டாவதுதான் முடியாதது.

1. கன்று

ஆவணி, புரட்டாதியில் தொடங்குங்கள். போகன்வில்லாவில் பென்சில் பருமனான முற்றிய தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இலைகளை நீக்கி, நிழலில் பையில் ஊன்றுங்கள். வேர்விட ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்; இழுத்துப் பார்க்காதீர்கள். தேமாக் கிளையை வெட்டியதும் நடக்கூடாது. பால் வற்றி வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரமாவது நிழலில் கிடக்கட்டும். பட்டிப்பூ விதையிலேயே வரும்.

2. கிடங்கு

நான் பிழைவிட்டது இங்கேதான். ஒன்றரை அடிக் கிடங்கு வெட்டி, எருவும் நல்ல மண்ணும் நிரப்பி நட்டேன். சுற்றிலும் இறுகிய மண், நடுவில் பொலபொலவென்ற மண். மழை பெய்ததும் அந்தக் கிடங்கு தண்ணீர் வடியாத தொட்டி ஆகிவிட்டது.

இப்போது முதலில் சோதித்துப் பார்க்கிறேன். கிடங்கை வெட்டி மாலையில் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பிவிட்டுப் படுக்கப் போங்கள். விடிந்த பிறகும் தண்ணீர் நின்றால் அங்கே கிடங்கில் நட வேண்டாம். ஒரு அடி உயரம், நாலு அடி அகலத்தில் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த 2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வளவில் மேட்டில் நின்ற அலரிகள் எல்லாம் பிழைத்தன. பள்ளத்தில் நின்ற ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தண்ணீர் வடிந்துவிட்டால் கிடங்கிலேயே நடலாம். ஆனால் ஈரமண்ணில் மண்வெட்டி பட்ட சுவர் வழுவழுப்பாக இருக்கும், வேர் அதைத் துளைத்துப் போகாது. அலவாங்கால் (கடப்பாரையால்) நாலு பக்கமும் குத்திக் கரடாக்குங்கள். என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு அலவாங்கை மிஞ்சிய ஆயுதம் கிடையாது.

3. நடுதல்

ஐப்பசியில் முதல் மழை மண்ணை இளக்கியதும் நடுங்கள். எரு ஒரு கை அளவு போதும். சுற்றி சருகும் தேங்காய்ப் பொச்சும் பரப்பலாம். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும்.

4. முதல் கோடை

வறட்சி தாங்கும் செடி என்றாலும் முதல் ஆண்டு தண்ணீர் வேண்டும். மாசி முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை, ஆடி அளவில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. கற்றாழைக்கு இதில் பாதி போதும். ஊற்றும்போது ஒரு வாளி, பத்து லீற்றர், மெதுவாக. தினமும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றும், நீங்கள் நாலு நாள் ஊருக்குப் போனால் செடி போய்விடும். குழாய் பிடிப்பதைவிட வாளிதான் எனக்குப் பிடிக்கும், எவ்வளவு ஊற்றினோம் என்று கணக்குத் தெரியும்.

மத்தியானம் இலை வாடினால் பதற வேண்டாம். காலையிலும் வாடியிருந்தால் ஊற்றுங்கள்.

சோளகம் இளங்கன்றை ஆட்டி வேரைக் கிளப்பிவிடும். தென்மேற்குப் பக்கம் ஒரு கிடுகு கட்டிவிடுங்கள். அப்படியே வேலியையும் பாருங்கள். அலரியை கட்டாக்காலி மாடுகள் பொதுவாகத் தொடாது, ஆனால் அது முழுக்க நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் அலரி வைக்கச் சொல்ல மாட்டேன், வெட்டிய கிளைகளை ஆட்டுப் பக்கம் போடவும் கூடாது.

பிறகு சேர்த்தது: முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து ஒருவர், மேடு கட்டியதால் செடி காய்ந்துபோனது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. மணலில் தண்ணீர் நிற்பதே இல்லை, அங்கே மேடு வேண்டாம். நிலமட்டத்துக்கு அரை அடி கீழே பாத்தி கட்டி, அடியில் பொச்சுமட்டையை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, அதன்மேல் மண் போட்டு நடுங்கள். கறையான் உள்ள வளவில் பொச்சு வைத்தால் வாரம் ஒருமுறை தண்டைச் சுற்றிக் கிளறிப் பாருங்கள். மண்பூச்சு கண்டால் அன்றைக்கே உடைத்துவிடுங்கள்.