டி செல் ஃப்ளூ வைரஸை நேரில் பார்ப்பதில்லை: நாம் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகைதான் டி செல். ரத்தத்தில் மிதந்து வரும் ஃப்ளூ வைரஸை அது கண்டுபிடித்து, பாய்ந்து கொன்றுவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். முதலில் விட வேண்டிய தவறு இதுதான். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே விலகிவிடும்.

வெளியே திரியும் முழு வைரஸின் உருவத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்வது ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் வேலை. கொல்லும் வகை டி செல்லுக்கு, அதாவது சிடி8 செல்லுக்கு, அந்தத் திறமை கிடையாது. அது பார்ப்பது நம்முடைய செல்களைத்தான். நம் உடலில் உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனக்குள் தயாராகும் புரதங்களில் கொஞ்சத்தை எப்போதும் நறுக்கிக்கொண்டே இருக்கும். நறுக்கிய துண்டுகளை எச்எல்ஏ என்ற தாங்கியில் ஏற்றி, செல்லின் மேற்பரப்பில் கொண்டுபோய்க் காட்டும். மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் வைரஸ் புகுந்து தன் புரதங்களைச் செய்ய ஆரம்பித்தால், அவற்றின் துண்டுகளும் அந்தக் காட்சியில் வந்துவிடும். ஒரு துண்டில், புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்கள் பெரும்பாலும் 8 முதல் 10 வரைதான் இருக்கும். அவ்வளவு சின்னத் துண்டையும் அதைத் தாங்கும் எச்எல்ஏவையும் சேர்த்துப் படித்துத்தான், 'இந்தச் செல்லுக்குள் வைரஸ் இருக்கிறது' என்று டி செல் முடிவு செய்கிறது.

தாங்கியும் சேர்ந்தே படிக்கப்படுகிறது என்பதை 1974-இல் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் எலிகளில், வேறொரு வைரஸை வைத்துக் காட்டினார்கள். அதற்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃப்ளூவுக்கு வந்தால், வைரஸின் உள்ளே மறைந்திருக்கும் நியூக்ளியோபுரதத்தை டி செல் எப்படி அடையாளம் காண்கிறது என்பது பெரிய புதிராக இருந்தது. அந்தப் புரதத்தின் குட்டித் துண்டுகளே போதும் என்று 1986-இல் அலைன் டவுன்சென்ட் குழு நிறுவியது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. வைரஸ் தன் உடலுக்குள் ஒளித்துவைத்திருப்பதைக்கூட, தாக்கப்பட்ட செல்லே வெளியே எடுத்துக் காட்டிவிடுகிறது!

அடுத்த தவறு, 'ஃப்ளூ வருஷா வருஷம் மாறுகிறது, அதனால் பழைய எதிர்ப்பெல்லாம் வீண்' என்பது. வேகமாக மாறுவது முக்கியமாக வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்ற இரண்டு புரதங்கள். பழைய ஆன்டிபாடி ஏமாறுவது அங்கேதான். உள்ளே இருக்கும் நியூக்ளியோபுரதமும் எம்1 புரதமும் அவ்வளவு மாறுவதில்லை. அதனால் எப்போதோ வந்த ஃப்ளூவின் நினைவுள்ள டி செல், புது வகையையும் இனங்காண முடியும். 2009-இல் எச்1என்1 என்ற புது ஃப்ளூ வகை பரவியபோது லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், இப்படிப் பொதுவான துண்டுகளைப் படிக்கும் சிடி8 செல்கள் முன்பே அதிகம் இருந்தவர்களுக்கு நோய் லேசாகவே வந்தது.

அதற்காக உள்புரதம் மாறவே மாறாது என்று எழுதிவிடக் கூடாது. நியூக்ளியோபுரதத்தின் 384-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால், எச்எல்ஏவில் ஒரு வகையான எச்எல்ஏ-பி27 தாங்கியில் அந்தத் துண்டு உட்காரவே முடியாமல் போன கதை உண்டு. தாங்கியில் ஏறாத துண்டை டி செல் படிக்க வழியில்லை.

'டி செல் இருந்தால் ஃப்ளூ தொற்றாது' என்பதும் தவறு. செல்லுக்குள் வைரஸ் புகுந்த பிறகுதானே துண்டே வெளியே வரும்? டி செல்லால் தொற்றைக் கட்டுக்குள் வைக்க முடியும், சீக்கிரம் முடித்துவைக்க முடியும். வாசலிலேயே தடுப்பது ஆன்டிபாடி. முதல்முறை சந்திக்கும் வைரஸ் என்றால் டி செல்கள் போதிய அளவு பெருக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நினைவுச் செல்கள் அதைவிட வேகமானவை. நுரையீரலிலேயே தங்கியிருக்கும் நினைவுச் செல்களுக்கு வந்து சேரும் நேரம்கூட வேண்டாம். ஆகவே காய்ச்சல் வந்துவிட்டது என்பதாலேயே எதிர்ப்பு தோற்றது என்று அர்த்தமில்லை.

இதைப் படித்துவிட்டு 'டி செல் போதும், தடுப்பூசி எதற்கு' என்று யாராவது கிளம்பினால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். ஆன்டிபாடியும் டி செல்லும் போட்டிக் கட்சிகள் இல்லை. நல்ல ஆன்டிபாடியைச் செய்ய பி செல்லுக்கு உதவுவதே இன்னொரு வகை டி செல்லான சிடி4தான். செயலிழந்த வைரஸால் செய்த ஊசி முக்கியமாக ஆன்டிபாடியைத்தான் தூண்டும். மூக்கில் தெளிக்கும் பலவீனமாக்கிய உயிருள்ள தடுப்பு மருந்து செல்லுக்குள் பெருகுவதால், சிடி8 செல்களையும் எழுப்ப வாய்ப்புண்டு.

கடைசியாக ஒன்று. ரத்தப் பரிசோதனையில் சிடி4, சிடி8 எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, 'எனக்கு ஃப்ளூ எதிர்ப்பு இருக்கிறது' என்று சொல்ல முடியாது. அந்த எண் எத்தனை செல்கள் என்று சொல்லும். அவை எந்தத் துண்டைப் படிக்கும் என்று சொல்லாது. எச்எல்ஏ ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அந்தத் துண்டும் ஆளுக்கு ஆள் மாறும். எச்எல்ஏ-ஏ2 உள்ளவர்களிடம் எம்1 புரதத்தின் 58 முதல் 66 வரையிலான ஒன்பது அமினோ அமிலங்கள் பிரபலமான இலக்கு. அந்தத் தாங்கி இல்லாதவருடைய டி செல்கள் அதே வைரஸை வேறு துண்டுகளை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன.