சிபிஆர் (இதயம் நின்னுபோனவங்களுக்கு நெஞ்ச அமுக்கி செய்ற முதலுதவி) சர்டிபிகேட் வாங்கப் போறீங்களா, இத பாத்துட்டு போங்க

எதுக்காக கத்துக்கிறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கோங்க. நர்சிங், ஆம்புலன்ஸ் மாதிரி வேலைக்குன்னா பிஎல்எஸ் (பேசிக் லைஃப் சப்போர்ட்) கோர்ஸ், வீட்ல இருக்கிற அப்பா அம்மாவுக்காகன்னா ஹார்ட்சேவர் மாதிரி பொதுமக்களுக்கான கோர்ஸே போதும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அங்கீகாரம் இருக்கிற சென்டரான்னு கேட்டுட்டு சேருங்க.

வீடியோ பாத்து க்விஸ் எழுதினா அன்னிக்கே சர்டிபிகேட்னு சொன்னா தயவுசெஞ்சு காசு கட்டாதீங்க, பொம்மை மேல கை வச்சு அமுக்கிப் பாக்காம இது வரவே வராது. பெரியவங்களுக்கு நெஞ்சு நடுவுல 5 செ.மீ.க்கு கொறையாம 6 தாண்டாம, நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120 தடவை, முழங்கைய மடக்காம அமுக்கணும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல எழும்ப விடணும், கேக்க ஈஸியா இருக்கும் ஆனா ரெண்டே நிமிஷத்துல கை சோர்ந்துடும், அதனாலதான் 2 நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்த சொல்றாங்க. இதயத்துக்கு ஷாக் குடுக்கிற ஏஇடி மெஷின்லயும் பழக்குவாங்களான்னு கேளுங்க.

சர்டிபிகேட் கார்டு 2 வருஷம்தான் செல்லும், அப்புறம் ரிநியூ பண்ணணும். நடுவுல யாராவது நெனைவில்லாம மூச்சில்லாம கிடந்தா 108-க்கு போன் போட்டுட்டு ஒடனே அமுக்க ஆரம்பிங்க, அதுக்கு கார்டெல்லாம் வேணாம்ங்க.