சிறிய டிரெய்லரில் நாயும் பூனையும் சேர்ந்து வாழ: தரை நாய்க்கு, மேல்வழி பூனைக்கு

டெக்சாஸில் வசிக்கும் நானும் என் கணவரும், ஒவ்வொரு கோடையிலும் வெயிலுக்குத் தப்பி, எங்கள் டிரெய்லரை, அதாவது வண்டியின் பின்னால் பூட்டிய சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு கொலராடோ, வயோமிங் மலைப்பகுதிகளுக்குச் சென்று இரண்டு மூன்று மாதங்கள் தங்கிவருகிறோம். எங்களுடன் 26 கிலோ எடையுள்ள லாப்ரடார் கலப்பு நாய் கருப்பனும், ஏழு வயதுப் பூனை செல்லியும் வருகின்றன. டிரெய்லர் 19 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்டது. அதில் கட்டில், சாப்பாட்டு மேசை, அடுப்படி, குளியலறை ஆகியவை அடைத்துக்கொண்ட இடம் போக, நடப்பதற்கு மிஞ்சுவது ஏறத்தாழ இரண்டடி அகலமுள்ள ஒரு நடைவழிதான். இந்த அளவு இடத்தில் இரண்டையும் நிம்மதியாக வைத்திருக்க முடியும் என்பதை அனுபவத்தில் அறிந்திருப்பதால், அதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டிரெய்லருக்குள் சண்டை வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த நடைவழிதான். தண்ணீர் குடிக்கவும், மலம் கழிக்கவும், கட்டிலுக்குப் போகவும் பூனை ஒவ்வொரு முறையும் நாயின் மூக்குக்கு நேரே நடந்துபோக வேண்டியிருந்தால், எவ்வளவு சாதுவான பூனையும் ஒரு நாள் நகத்தை நீட்டிவிடும். ஆகவே இரண்டின் பாதைகளும் ஒன்றையொன்று வெட்டாதபடி செய்வதே முதல் வேலை. தரை நாய்க்கு உரியது, இடுப்புயரத்துக்கு மேலே உள்ளதெல்லாம் பூனைக்கு உரியது என்று பிரித்துக்கொடுத்தால் போதும். தப்பிக்க வழியிருக்கிறது என்று தெரிந்த பூனைதான் தானாகக் கீழே இறங்கி நாயின் பக்கத்தில் வந்து உட்காரும்.

வீட்டு வாசலிலேயே தொடங்குங்கள்

பயணத்துக்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே டிரெய்லரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்திவிடுங்கள். முதலில் பூனையை மட்டும் உள்ளே விட்டு, நீங்களும் கூடவே அமர்ந்து, ஒன்றிரண்டு மணி நேரம் அதன் போக்கில் விடுங்கள். பூனை தன் கன்னத்தை மேசைக்காலிலும் அலமாரி விளிம்பிலும் தேய்ப்பதைப் பார்த்தால், இது என் இடம் என்று அது தன் வாசனையால் குறித்துக்கொள்கிறது என்று பொருள். இது மூன்று நான்கு நாட்கள் நடந்த பிறகு, பூனை இல்லாத நேரத்தில் நாயை அழைத்துச் சென்று முகர்ந்து பார்க்க விடுங்கள். இரண்டும் படுத்த துணிகளை மாற்றி மாற்றி விரியுங்கள். அவற்றைத் துவைக்காமல் விடுவது நல்லது, ஏனெனில் இந்தக் கட்டத்தில் நமக்கு வேண்டியது அந்த வாசனைதான்.

இதே வாரங்களில் நாய்க்கு ஒரே ஒரு பாடத்தை அழுத்தமாகச் சொல்லிக்கொடுங்கள்: ஒரு பாயை விரித்து, ‘பாய்’ என்றதும் அதில் போய்ப் படுத்து, நாம் விடுவிக்கும் வரை எழாமல் இருக்க வேண்டும். அந்தப் பாயில் மட்டுமே கோழித்துண்டு கிடைக்கும் என்று நாய்க்குத் தெரிய வேண்டும். பிறகு அதே பாயை டிரெய்லரின் கதவருகே விரித்து, நாயை லீஷில் (கழுத்துப்பட்டையில் மாட்டும் கயிறு) பிடித்துக்கொண்டு, பூனையை மேலே உட்காரவைத்து, முதல் நாள் ஐந்து நிமிடம், மறுநாள் பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். பூனையைக் கையில் தூக்கி நாயின் முகத்தருகே கொண்டுபோகும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாயிடம் எப்போது போவது, எவ்வளவு நெருங்குவது என்பதைப் பூனையே முடிவுசெய்யட்டும்.

இந்தப் பயிற்சியின்போது நாயின் முகத்தைக் கவனியுங்கள். பூனையைப் பார்த்து வாலாட்டுவதும், குரைப்பதும், விளையாட முன்கால்களைத் தாழ்த்துவதும் திருத்தக்கூடியவை. ஆனால் வாயை இறுக மூடி, உடல் விறைத்து, பார்வை பூனையின் மேலேயே நிலைகுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல் நிற்கும் நாய், வேட்டைக்கு ஆயத்தமான நாய். சில வாரப் பயிற்சிக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறாவிட்டாலோ, அந்த நாய் இதற்குமுன் அணிலையோ பூனையையோ கொன்றிருந்தாலோ, இரண்டையும் ஒரே டிரெய்லரில் ஏற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்கே இரண்டையும் பிரித்துவைக்க இன்னொரு அறை கிடையாது.

மேல்வழி அமைப்பது

எங்கள் டிரெய்லரில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொடங்கி, ஜன்னலின் மேற்புறமாகக் கட்டில்வரை 28 செ.மீ. அகலமுள்ள பலகையைப் பொருத்தினோம். பலகைக்கு ஏறும் படிகளில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஒரு முழத்துக்குக் குறைவான உயரமே இருக்கட்டும். வயதான பூனையாக இருந்தால் இன்னும் குறையுங்கள். பலகையின் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பை ஒட்ட வேண்டும். டிரெய்லர் சுவரின் மெல்லிய தகட்டில் அடித்த திருகாணி எடை தாங்காது என்பதால், உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டறிந்து அதில்தான் திருக வேண்டும். சாலையில் இழுத்துச் செல்லும்போது டிரெய்லர் முழுவதும் அதிர்வதால், ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் பலகையைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

பலகைக்கு இரண்டு இறங்கும் வழிகள் இருக்க வேண்டும். ஒரு முனை மட்டும் திறந்திருந்து, அங்கே நாய் படுத்துக்கொண்டால், மேல்வழியே பூனைக்குச் சிறையாகிவிடும். எங்கள் பலகை ஒருபுறம் கட்டிலிலும் மறுபுறம் மேசையிலும் முடிகிறது.

பூனையின் உணவையும் தண்ணீரையும் மேலேயே வையுங்கள். பூனை உணவில் புரதமும் கொழுப்பும் மிகுதி என்பதால் நாய்க்கு அதன்மேல் தீராத ஆசை. அடிக்கடி திருடித் தின்றால் உடல் பெருப்பதோடு கணையமும் பாதிக்கப்படலாம். மறுபக்கம், நாய் உணவையே தின்று பூனை உயிர்வாழ முடியாது. இதயத்துக்கும் கண்ணுக்கும் இன்றியமையாத டாரின் என்ற சத்தைப் பூனை போதிய அளவு தன் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாததால், அதை உணவிலிருந்தே பெற வேண்டும். நாய் உணவில் அது போதுமான அளவு இருப்பதில்லை.

லிட்டர் பெட்டி எங்கே?

பூனை மலமும் சிறுநீரும் கழிக்கும் மணல் பெட்டிதான் லிட்டர் பெட்டி. அதை எங்கே வைப்பது என்பதில்தான் நாங்கள் மிகவும் தடுமாறினோம். மேசையின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிப் பகுதி பொருத்தமான இடம். அதன் பலகையில் பூனை நுழையும் அளவுக்கு, நாயின் தோள் நுழையாத அளவுக்கு, வட்டமாக ஒரு துளை வெட்டலாம். இன்னொரு பக்கத்தில் இரண்டாவது துளையும் வேண்டும், இல்லையென்றால் உள்ளே போன பூனையை வெளியே நாய் காத்து நின்று மடக்கும். நாய்கள் பூனையின் மலத்தை விரும்பித் தின்னும் என்பதையும், கட்டியாகும் வகை மணலை அதிகமாக விழுங்கினால் அது நாயின் குடலில் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் ஆண்டு, இரவுகளில் குளிர் தொடங்கியதும், செல்லி திடீரென்று எங்கள் போர்வையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. நாய்தான் காரணம் என்று எண்ணி நான்கு நாட்கள் கருப்பனைக் கட்டிவைத்தோம். ஐந்தாம் இரவு விழித்துக்கொண்டிருந்தபோது, செல்லி துளைக்குள் தலையை நுழைப்பதையும், அதே நேரத்தில் இருக்கைக்கு அடியில் இருந்த ஹீட்டர் ‘பொப்’ என்று பற்றி விசிறி உறுமியதும் அது பின்வாங்கித் துள்ளி ஓடுவதையும் பார்த்தேன். பெட்டியை எதிர்ப்பக்க இருக்கைக்கு அடியில் மாற்றிய அன்றே தொல்லை நின்றது. ஆகவே துளை வெட்டுவதற்கு முன் ஹீட்டர், தண்ணீர் பம்ப் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றை ஓடவிட்டு, அந்த இடத்தில் காதை வைத்துக் கேளுங்கள்.

பைன் மரத் துகள் வகை லிட்டர் புழுதி கிளப்பாது, வாடையையும் நன்றாக அடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை அள்ளுங்கள். அள்ளியதை டிரெய்லரின் கழிப்பறையில் கொட்டினால் கழிவுத்தொட்டி அடைத்துக்கொள்ளும். பையில் கட்டிக் குப்பையில் போடுவதே முறை.

சாலையிலும் முகாமிலும்

வண்டி ஓடும்போது இரண்டையும் டிரெய்லருக்குள் விடவே கூடாது. அங்கே குலுக்கலும் வெப்பமும் அதிகம், அலமாரிகள் திறந்து பொருட்கள் விழும், ஏதாவது நேர்ந்தாலும் நமக்குத் தெரியாது. இழுக்கும் வண்டியின் பின்இருக்கையில், பூனையைக் கெட்டியான கேரியரில் (தூக்கிச் செல்லும் பெட்டி) வைத்து, மேலே மெல்லிய துணியால் மூடி, சீட் பெல்ட்டால் கட்டுங்கள். நாயை மோதல் சோதனையில் தேறிய ஹார்னஸிலோ (உடம்பைச் சுற்றிக் கட்டும் வார்) கூண்டிலோ வையுங்கள். அமெரிக்காவில் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ என்ற அமைப்பு இத்தகைய சோதனைகளைச் செய்து முடிவுகளை வெளியிடுகிறது. பயணத்தில் வாந்தி எடுக்கும் அல்லது ஓயாமல் கத்தும் பூனைக்கு மருந்து உண்டு. கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

முகாமுக்குப் போனதும் நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசை இது. டிரெய்லரை மட்டம் பார்த்து நிறுத்தி, ஸ்லைடு-அவுட்டை, அதாவது பொத்தானை அழுத்தினால் சுவரோடு வெளியே நீண்டு உள்ளே இடத்தைக் கூட்டும் பகுதியை, வெளியே தள்ளி முடித்த பிறகே கேரியரை உள்ளே கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்துவோம். அதற்குள் என் கணவர் கருப்பனை அரை மணி நேரம் நன்றாக நடத்திக் களைப்பாக்கிவிடுவார். பூனை மேல்வழியில் ஏறி அமர்ந்த பிறகுதான் நாய் உள்ளே வரும், அதுவும் நேரே தன் பாய்க்கு.

ஸ்லைடு-அவுட் உள்ள டிரெய்லராக இருந்தால், அதை உள்ளிழுக்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன் பூனையைக் கண்ணால் பார்த்து, கேரியரில் அடைத்து, பூட்டியிருக்க வேண்டும். ‘கட்டிலில்தான் படுத்திருக்கும்’ என்ற நம்பிக்கை போதாது. ஒரு காலையில் நாங்கள் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது செல்லியைக் காணவில்லை. கூப்பிட்டும், டப்பாவைக் குலுக்கியும் சத்தமில்லை. கருப்பன் மட்டும் கட்டிலுக்கு அடியிலிருந்த இழுப்பறையை முகர்ந்தபடி நகர மறுத்தது. இழுப்பறையை முழுவதுமாகக் கழற்றியபோது, அதன் பின்னால், ஸ்லைடு நகரும் தண்டவாளத்தின் மேல் செல்லி சுருண்டு படுத்திருந்தது. அன்று பொத்தானை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் கை நடுங்குகிறது. அன்றைக்கே குழாய்கள் போகும் இடைவெளிகளையும் இழுப்பறைகளின் பின்புறத்தையும் பலகை வைத்து அடைத்தோம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயை ஆறடிக்கு மிகாத லீஷில்தான் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான மலைப்பாதைகளில் நாய்க்கு அனுமதியே இல்லை. யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள்தான் நாய் வரலாம். இதனால் பலர் இரண்டையும் டிரெய்லரில் பூட்டிவிட்டு நடக்கப் போய்விடுகிறார்கள். பல முகாம்களின் விதிகள் இதைத் தடுக்கின்றன. விதி இடம் கொடுத்தாலும், முதல் ஆண்டில் இரண்டையும் ஒன்றாகத் தனியே விடாதீர்கள். நாங்கள் முறை வைத்துக்கொண்டு, ஒருவர் மலையேறினால் மற்றவர் இருந்துவிடுகிறோம். சிறிது நேரம் வெளியே போயே ஆகவேண்டுமென்றால், நாயைக் கூண்டிலும் பூனையை மேலேயும் விட்டு, செல்பேசி அலைவரிசையில் இயங்கும் வெப்பநிலைக் கருவியை உள்ளே வையுங்கள். முகாமின் மின்சாரம் நின்றால் ஏசியும் நிற்கும், வைஃபையும் நிற்கும். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலேயே, மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் வெப்பம் 40 டிகிரியை எட்டிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த எச்சரிக்கையின் அவசியம் விளங்கும்.

பலரும் அறியாத ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வேறொரு பூனையோ அறியாத நாயோ கடந்துபோனால், அதைத் தாக்க முடியாத ஆத்திரத்தில் நம் பூனை பக்கத்தில் இருக்கும் நம் நாயின் மேலேயே பாய்ந்துவிடும். வால் புடைத்து, காது படிந்து, கண்மணி விரிந்திருக்கும் அந்த நேரத்தில் பூனையைக் கையால் தொடாதீர்கள். நாயை வெளியே அழைத்துச் சென்று, விளக்கை அணைத்து, சில மணி நேரம் பூனையைத் தனியே விடுங்கள். சில பூனைகளுக்கு அமைதி திரும்ப ஒரு நாள்கூட ஆகும். ஜன்னல்களின் கீழ்ப்பாதியில் மங்கலான ஒட்டுத்தாளை ஒட்டினால் இது பெருமளவு குறையும்.

மன உளைச்சலைப் பூனை வெளிப்படையாகக் காட்டாது. ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரை அழையுங்கள். ஏனெனில் பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரல் விரைவில் கெடும். ஆண் பூனை லிட்டர் பெட்டியில் முக்கிக்கொண்டே இருந்து சிறுநீர் வராவிட்டால், அது உயிருக்கு ஆபத்தான அவசரம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே கிளம்புங்கள். இதற்காகவே, ஒவ்வொரு முகாமுக்கும் அருகே 24 மணி நேர கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே குறித்து, ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழுடன் சேர்த்துக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறோம்.

முதல் வாரம் முழுவதும் நாய் இரவில் கூண்டிலேயே தூங்கட்டும். இரண்டாம் வாரத்தில் கூண்டின் கதவைத் திறந்து வைத்து, நாயின் லீஷை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுங்கள். பூனை இரவில் தரையில் இறங்கி, நாயின் பாயைக் கடந்துபோய், நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் வாய்வைத்துவிட்டு, ஓடாமல் நடந்தே திரும்பி வருவதைத் தொடர்ந்து மூன்று இரவுகள் பார்த்த பிறகு, லீஷைக் கழற்றிவிடலாம்.