'ஜெபிக்கிறேன்' என்று சொன்னால் அங்கேயே ஜெபியுங்கள்

விசுவாசத்தைப் பேச்சிலும் நடத்தையிலும் காட்ட எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், 'ஜெபிக்கிறேன்' என்ற ஒரு சொல்லிலிருந்து என்பேன். ஆஸ்பத்திரி வாசலில், ஃபோனை வைக்கும்போது, வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படத்தோடு என்று எத்தனை தடவை சொல்கிறோம்!

மாடி வீட்டு அக்கா ஒருநாள் தன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றார். அவசரமாகப் படி இறங்கிக்கொண்டே, "கண்டிப்பா ஜெபிக்கிறேன்க்கா" என்றேன். நாலு நாள் கழித்து தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு வந்து, "நீ ஜெபம் பண்ணினதுக்கு அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க" என்றார். நான் ஒருவேளைகூட ஜெபிக்கவில்லை. அவர் கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் என் வார்த்தையை நம்பி நாலு நாளும் தைரியமாக இருந்திருக்கிறார். மறைக்க மனசு வரவில்லை, உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, இப்ப பண்ணு" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு இதுதான் பழக்கம், நீங்களும் செய்து பாருங்கள். யாராவது கேட்டால் நின்ற இடத்திலேயே, அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, பெயர் சொல்லி இரண்டே வரியில் ஜெபியுங்கள், சங்கடப்பட்டால் மனசுக்குள் செய்யுங்கள். அப்புறம் ஒரு சின்ன நோட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவைத்து, குடும்ப ஜெபத்தில் அதைத் திறந்து, இரண்டு நாளில் ஃபோன் போட்டு விசாரியுங்கள். கூடவே, "ராத்திரி துணைக்கு யார் இருக்கா? பிள்ளைய ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வரவா?" என்றும் கேளுங்கள். பசித்தவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் சமாதானத்தோடே போ என்று அனுப்பினால் என்ன பயன் என்று பைபிளில் யாக்கோபு 2ஆம் அதிகாரம் கேட்பது நம்மைத்தான்.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறணி பேசாதீர்கள். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், அந்தக் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்குங்க" என்று வாய் ஆரம்பித்தாலே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கூலி. அன்றாடக் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது உபாகமம் 24:15. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கோ குழாய் சரிசெய்ய வந்த அண்ணனுக்கோ "சில்லறை இல்ல, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவரில் புது நோட்டாகப் பார்த்து வைக்கக்கூடாது. சம்பளத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் கவரை எடுங்கள். அந்த அக்கா காய்ச்சலில் இரண்டு நாள் வராவிட்டாலும் பிடித்தம் வேண்டாம்.

சனிக்கிழமை ராத்திரிக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டு திருவிருந்து ஆராதனை முறையிலேயே, ஒருவர் கையை ஒருவர் பற்றி சமாதானம் பகிர்ந்துகொள்ளும் பகுதி உண்டு. அதில் பக்கத்துப் பெஞ்சுக்காரருக்குக் கைகொடுத்துவிட்டு, சொந்தத் தம்பியோடு மூன்று வருஷமாகப் பேசாமல் இருக்கிறோம்! சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றார் இயேசு, மத்தேயு 5:23, 24. எனவே அந்த ஒருவருக்கு ஃபோன் போடுங்கள். "நான் அன்னைக்குப் பேசினது தப்பு" என்று சொல்லி அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்தான்..." என்று தொடர்ந்தால் பழைய சண்டை திரும்ப ஆரம்பித்துவிடும். அவர் ஃபோனை வைத்துவிட்டால் கோபப்படாதீர்கள், ஆறுவதற்கு அவருக்கும் நாள் வேண்டும்.

துக்க வீட்டில் எப்படி நடப்பது என்பதுதான் எனக்கு இன்னும் கடினம். "கர்த்தருடைய சித்தம்", "தேவன் நல்ல இடத்துக்குக் கூப்பிட்டுக்கிட்டார்" என்பதெல்லாம் நம் வாயில் தயாராக இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். பைபிளில், பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் அவனை நோகடித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், அழுகை வந்தால் நீங்களும் அழுங்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு, ஒருநாள் காலையில் பாலும் இட்லியும் வாங்கிக்கொண்டு போய், அடுப்படியில் கிடக்கும் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டு வாருங்கள்.